இடதுகைத் தையல்

அந்த இரண்டு நிறங்கள் எவை என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீடு என்று உடனே தெரிந்துவிடும். மற்றவர்களுக்கு அவை வெறும் நிறங்கள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வரை எனக்கும் அப்படித்தான் இருந்தன. நடந்து முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, பயம் மட்டும் போகவில்லை. தைரியசாலியின் கதை என்று நினைத்து யாரும் இதைப் படிக்கவேண்டாம்.

நான் டெய்லர் இல்லை. வீட்டில் ஒரு மெஷின் உண்டு, அவ்வளவுதான். ரவிக்கை தைத்தால் கழுத்து ஒரு பக்கம் இறங்கும், தோள் ஒரு பக்கம் தூக்கும். எனக்கு ஒழுங்காக வருவதெல்லாம் சின்னச் சாமான்கள்தான். தலைமுடிக்குப் போடும் துணி ரப்பர், ஊக்கு வைத்துக் குத்திக்கொள்ளும் துணிப்பூ, தொளதொளவென்று இருக்கும் சுடிதாருக்கு ஓர் இடுப்புப் பட்டி, பையின் ஜிப்பில் தொங்கவிட ஒரு குஞ்சம். தெருமுனையில் கடை வைத்திருக்கும் டெய்லர் அக்கா, வெட்டி மிஞ்சிய துணியையெல்லாம் அரிசிப் பையில் அடைத்து எனக்குத் தந்துவிடுவார். குப்பைத்தொட்டியைவிட என் வீடு பக்கம் என்று கேலி செய்வார்.

தூத்துக்குடியில் எங்கள் தெருவில் போர் போட்டால் கடல்தான் வரும். அந்தத் தண்ணீரில் நாலு தடவை அலசினால் எந்த உடுப்பும் வெளிறிவிடும். வெளிறினதற்காகப் புதுசு எடுத்துக்கொண்டே இருக்க முடியுமா? மங்கிப்போன சுடிதாரின் பக்கத்தில் கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒரு துண்டு நிறத்தை வைத்தால், சுடிதார் வேண்டுமென்றே மங்கலாக எடுத்த மாதிரி ஆகிவிடும். இதுதான் என் முழுத் தையல் ஞானம். அது ஒன்றை வைத்துக்கொண்டே நான் என்னைப் பெரிய ரசனைக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் அக்கா கொடுத்த பையில் ஒரே நிறத்தில் நீளநீளமாக நிறையத் துண்டுகள் இருந்தன. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவுக்கு உடுப்புத் தைத்ததில் மிஞ்சியவை. கூடவே ரவிக்கைத் துணி வேறொரு நிறத்தில் கொஞ்சம். இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். ஒன்று மற்றதை அப்படித் தூக்கிக் காட்டியது. பாதி இந்தத் துணி, பாதி அந்தத் துணி என்று சேர்த்து மூட்டி, உள்ளே எலாஸ்டிக் கோத்து, ஒரே நாளில் பன்னிரண்டு ரப்பர் முடித்தேன். கடைசியில் எலாஸ்டிக் நுழைத்த வாயை மட்டும் கையால் மூடவேண்டும். நான் இடதுகைக்காரி. என் கைத்தையல் மற்றவர்கள் தைப்பதற்கு எதிர்ப்பக்கமாகச் சாயும். அது எப்போதும் எனக்கு ஒரு வெட்கம், அதனால் அந்த இடத்தை மடிப்புக்குள் மறைத்துவிடுவேன்.

மகள் அப்போது பதினொன்றாம் வகுப்பு. சனிக்கிழமை டியூஷனுக்குக் கலர் டிரஸ் போடலாம். பன்னிரண்டையும் பையில் போட்டுக்கொண்டு போனாள். மத்தியானம் அவளுடைய ஸ்டேட்டஸில் படம் வந்தது. பதினோரு சிநேகிதிகளும் அவளும் வட்டமாக நின்று கைகளை நடுவில் நீட்டியிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கட்டு, பன்னிரண்டிலும் நான் தைத்தது. நான் அதை என் ஸ்டேட்டஸிலும் வைத்தேன். அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை, நன்றாக இருக்கிறது என்றார்.

என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை. அன்றைக்குச் சாயங்காலம் வந்து காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே போனைப் பார்த்தவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். 

"ஏளா, இந்த ரெண்டு நிறத்தையும் ஒண்ணாச் சேத்துத் தைக்க ஒனக்கு எப்படித் தோணுச்சு?" என்று மெதுவாகக் கேட்டார். "மெயின் ரோட்டுல வளைவுக்கிட்ட கரண்டு கம்பத்தைப் பாத்ததே இல்லியா நீ?"

பார்த்திருக்கிறேன். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வாசிக்கிற எழுத்து அது. கரண்டு கம்பத்தில், பாலத்துச் சுவரில், கோயில் கொடை விழா வளைவில், பையன்கள் மணிக்கட்டில் கட்டும் கயிற்றில் என்று ஒவ்வொரு சாதிக் கூட்டத்துக்கும் இரண்டு நிறமோ மூன்று நிறமோ உண்டு. பள்ளிக்கூட வாசலில் ஆசிரியர்கள் கத்தரிக்கோலோடு நின்று கயிற்றை வெட்டுகிறார்கள். கம்பத்தில் இருந்திருந்தால் தூரத்திலேயே கண்டுபிடித்திருப்பேன். மெஷினில், என் மடியில், என் விரலுக்குள் இருந்தபோது தெரியவில்லை. துணி என்றுதான் நினைத்தேன்.

படத்தை அழித்தோம். மகள் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் கழற்றச் சொன்னாள். சிலர் சிரித்தார்கள், சிலர் என்ன ஏது என்று கேட்காமலே கழற்றினார்கள். பத்துப் பேரிடம் பேசியாயிற்று. பதினோராவது பிள்ளை ஆற்றுப் பக்கத்து ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவளுக்குச் சொந்தமாகப் போன் கிடையாது. அவளுடைய அம்மா போனுக்கு அடித்தால் எடுக்கவில்லை. ஐந்து மணி பஸ்ஸில் அவள் ஏறியபோது ரப்பர் கையில்தான் இருந்தது என்று மகள் சொன்னாள். சொல்லும்போதே அழத் தொடங்கிவிட்டாள்.

ஏன் என்று பிறகுதான் சொன்னாள். அந்தப் பிள்ளையின் ஊரில் இரண்டு கூட்டம். அந்த நிறங்கள் இவர்களுடையவை அல்ல, ரோட்டுக்கு அந்தப் பக்கத்தாருடையவை. பஸ்ஸில் அந்தப் பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்து இடம் கொடுத்தான் என்பதற்காக இவளை இவளுடைய அண்ணன் ஏற்கெனவே அடித்திருக்கிறான். இப்போது அந்தப் பக்கத்து நிறத்தைக் கையில் மாட்டிக்கொண்டு வீட்டு வாசலில் போய் நிற்கிறாள். சிநேகிதியின் அம்மா தைத்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எவனோ கொடுத்தான் என்றுதான் நினைப்பார்கள். அப்படி நினைத்த வீடுகளில் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. படிப்பை நிறுத்துவது அதிலே சின்னது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். காலையிலேயே மகள் வீடு வீடாகப் போய்த் திருப்பி வாங்கிவந்த பத்தையும் அவளுடையதையும் வைத்துக்கொண்டு பிரித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் எரித்துவிடச் சொன்னார். எனக்கு எரிக்க மனம் வரவில்லை. அதில் கொஞ்சம் வீம்பும் உண்டு. பிளேடால் ஒவ்வொரு தையலாக அறுத்து, இந்த நிறத்தை இந்தப் பக்கம், அந்த நிறத்தை அந்தப் பக்கம் என்று அடுக்கினேன். பிரித்துவிட்டால் இரண்டும் வெறும் துணி. தெருவில் பைக் சத்தம் கேட்டால் இரண்டு அடுக்கின் மேலும் தலையணையைப் போட்டு மூடினேன்.

திங்கட்கிழமை அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. சாயங்காலம் அவளுடைய அம்மா நம்பரிலிருந்து மகளுக்கு அழைப்பு வந்தது. பேசியது அண்ணன்காரன். அந்தத் துணி ரப்பரை யார் கொடுத்தது என்று கேட்டான். மகள், எங்க அம்மா தச்சது என்றாள்.

"அப்படித்தான் அவளும் சொல்லுதா," என்றான் அவன். "ரெண்டு பேரும் நல்லாப் பேசி வச்சிருக்கிய." போனை வைத்துவிட்டான்.

நான் போகிறேன் என்றேன். வீட்டுக்காரர் வேண்டவே வேண்டாம் என்றார். போனால் முதலில் நீ யார் என்று கேட்பான், அதற்கு நீ சொல்லும் பதிலைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம் என்றார். அவர் சொன்னது சரிதான். தானும் வருவதாகச் சொன்னதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆண்பிள்ளை வந்து நின்றால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். பொம்பிளை தைத்ததைப் பொம்பிளைதான் போய்ச் சொல்லவேண்டும். இவ்வளவு தெளிவாகப் பேசிய எனக்கு அன்றிரவு மூன்று தடவை வயிற்றால் போனது.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி பஸ். பையில் ஊசி, நூல், எலாஸ்டிக், கத்தரிக்கோல். துணி எடுத்துப்போகப் பயமாக இருந்தது. பஸ்ஸில் யாராவது பையைத் திறந்து பார்த்தால் என்ன சொல்வது? ஆகவே சுத்தமான பாக்கு நிறத்தில் ஒரு துண்டு மட்டும் எடுத்தேன். அதையும் இரண்டு தடவை மாற்றினேன், அந்த நிறமும் யாருக்காவது சொந்தமோ என்று. உப்பளம் முடிந்து வாழைத்தோட்டம் வரும் வரை ஜன்னல் வழியாகக் கம்பங்களைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். இருபது வருடமாகப் போய்வந்த ரோடு. ஒவ்வொரு கம்பமும் அன்றைக்கு என்னைப் பார்த்துப் பேசியது.

பஸ் ஸ்டாப்பிலேயே வழி கேட்கவேண்டியதாகிவிட்டது. யார் வீட்டுக்கு என்று சொன்னதும் பெட்டிக்கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கையால் காட்டினார். நூறு அடி தூரம்தான். திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். ஒரு தடவை நின்றுகூட விட்டேன். பின்னால் பெட்டிக்கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் நடந்தேன். இதில் என் பெருமை ஒன்றுமில்லை.

வீட்டில் அப்பா, அண்ணன், அம்மா மூன்று பேரும் இருந்தார்கள். அப்பா நாற்காலியில். அண்ணனுக்கு இருபது வயது இருக்கும், சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான், அவன் மணிக்கட்டிலும் ஒரு கயிறு, வேறு நிறங்களில். உள் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அந்தப் பிள்ளை அங்கே தரையில் உட்கார்ந்திருந்தாள். இடது மணிக்கட்டில் எலாஸ்டிக்கைப் பிடித்து இழுத்த சிவப்புக் கோடு. கன்னத்தைப் பார்க்க நான் துணியவில்லை. உயிரோடு இருக்கிறாள் என்பது மட்டும் எனக்குள் ஓடியது. அவ்வளவு தூரம் நான் நினைத்து வைத்திருந்தேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நான் யார் என்று சொன்னேன். அப்பா உட்காரச் சொல்லவில்லை.

"எந்த ஊரு நீங்க?" என்றார்.

"தூத்துக்குடி, அண்ணாச்சி."

"அது இப்ப இருக்க ஊரு. சொந்த ஊரு எது?"

சொன்னேன். அதில் எந்தத் தெரு என்றார். அதையும் சொன்னேன். அவர் மகனைப் பார்த்தார், மகன் லேசாகத் தலையை அசைத்தான். எங்கள் ஆட்கள் இவர்கள் சண்டையில் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.  என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் வெட்கப்பட்டதில்லை. என் தெரு வேறொன்றாக இருந்திருந்தால் அதே வாயால் அதே உண்மையைச் சொன்னாலும் பொய்யாகியிருக்கும்.

உட்காரச் சொன்னார். அலமாரிக்கு மேலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தான் அண்ணன். அதற்குள் என் ரப்பர். போலீஸ் எடுத்து வைத்த கத்தி மாதிரி அதை விரல் நுனியால் பிடித்திருந்தான். நான் தைத்ததுதான் என்றேன். கடையில் ஆயிரம் விற்கிறது, யார் வேண்டுமானாலும் அப்படிச் சொல்லலாம் என்றான் அவன். எவனோ வாங்கிக் கொடுத்ததை மூடி மறைக்க நீங்கள் வந்திருக்கிறீர்கள் என்று முகத்துக்கு நேராகவே சொன்னான்.

இது வரும் என்று நினைத்துத்தான் ஊசியும் நூலும் கொண்டுபோயிருந்தேன். இங்கே உட்கார்ந்து ஒன்று தைக்கிறேன், பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்றேன். நான் இடதுகைக்காரி, என் தையல் எதிர்ப்பக்கம் சாயும், மெஷினோ கடைச்சாமானோ அப்படி இருக்காது என்றேன். இத்தனை வருடம் மடிப்புக்குள் மறைத்த கோணலை அந்த மூன்று பேருக்கு முன்னால் விரித்துக் காட்டவேண்டியதாயிற்று.

ஊசியில் நூல் கோக்க வரவில்லை.  நூலை எச்சில்படுத்தினேன், மறுபடி கத்தரித்தேன், நூல் ஊசிக்காதுக்குப் பக்கத்தில் போய்ப் போய் விலகியது. அண்ணன் சிரித்த மாதிரி ஒரு சத்தம் செய்தான். அதுவரை ஒரு வார்த்தை பேசாத அம்மா வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஊசியை என் கையிலிருந்து வாங்கி, ஒரே தடவையில் நூலைக் கோத்து, முடிச்சும் போட்டுக் கொடுத்தார். அவர் விரல் என் விரலில் பட்டது. 

தைத்தேன். பாக்கு நிறத் துண்டை மடித்து, எலாஸ்டிக்கை வைத்து, வாயை மூடினேன். பத்துத் தையல் போதும், நான் முப்பது போட்டேன். பாதியில் பார்த்தால் எனக்கே என் தையல் மாதிரி இல்லை. நடுக்கத்தில் ஒன்று நீளம், ஒன்று குட்டை. இது அதோடு ஒத்துப்போகவில்லை என்று சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளையை நானே வந்து முடித்த மாதிரி ஆகிவிடுமே என்று நினைத்ததும் காதுக்குள் ஓவென்று இரைந்தது. 

முடித்ததும் அம்மாதான் இரண்டையும் வாங்கினார். ரப்பரின் மடிப்பை விரித்து, ஜன்னல் பக்கம் போய், வெளிச்சத்தில் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பார்த்ததும் தெரிந்திருக்கும், அவருக்கும் தையல் தெரியும், முடிச்சுப் போட்ட விதத்திலேயே அது எனக்குப் புரிந்துவிட்டது. தன் வீட்டுக்காரர் நம்பும்படி ஆகட்டும் என்றுதான் அவ்வளவு நேரம் பார்த்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

"இங்க பாருங்க," என்று கணவரிடம் காட்டினார். "ஒண்ணு நேராப் போவுது, ஒண்ணு கோணப் போவுது. ஆனா சாய்வு ரெண்டுலயும் ஒரே பக்கந்தான். இது இந்தக்கா கைதான்."

அப்பா வாங்கிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. சரி என்று தலையாட்டினார். மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அவர் கையைக் காட்டி நிறுத்தினார். பிள்ளையை மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறேன் என்றும், இனி டியூஷன் கிடையாது என்றும் சொன்னார். நான் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றிக் கேட்டிருக்கலாம். எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன், வாசலைத் தாண்டினால் போதும் என்றிருந்தது.

அம்மா வாசல் வரை வந்தார். என் ரப்பரை அடுப்பில் போட்டுவிடுவதாகச் சொன்னார். பாக்கு நிறத்தில் தைத்ததை என் கையில் திருப்பித் தந்தார்.

"நீங்க வந்தது பெரிய காரியம், அக்கா," என்றார். "ஆனா இனிமே எம் பிள்ளைக்கு எதுவும் தச்சிக் குடுத்து விடாதிய. நல்லதாவே இருந்தாலும் வேண்டாம்."

அந்தப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பும் முடித்துவிட்டாள், இப்போது நர்சிங் படிக்கிறாள். எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. கறுப்பு ரப்பர் பேண்டுதான் போடுகிறாள் என்று மகள் சொன்னாள்.

நான் தைப்பதை விடவில்லை. ஆனால் அக்கா தரும் அரிசிப் பையைக் கொட்டியதும் முதல் வேலையாக நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கவரில் போட்டு, வாயை முடிந்து அலமாரியில் வைத்துவிடுகிறேன். ஒன்றோடொன்று படாது. தைத்தால் ஒரே நிறம். முன்பெல்லாம் பஸ்ஸில் பிள்ளைகளைப் பார்த்தால் உடுப்பைப் பார்ப்பேன், இப்போது மணிக்கட்டைத்தான் பார்க்கிறேன்.

போன மாதம் மகள் கல்லூரி விழாவுக்குப் போட ஒரு துணிப்பூ கேட்டாள். அவளுடைய சந்தன நிறச் சுடிதார் வெளிறிப்போயிருந்தது, இரண்டு நிறம் சேர்த்து வைத்தால்தான் எடுப்பாக இருக்கும் என்றாள். நான் ஒரு கவரைத் திறந்தேன், இன்னொன்றைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டு மனதுக்குள் கம்பங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் அலமாரியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபமாகச் சொல்லவில்லை.

"நீயும் எல்லாத்தையும் தனித்தனித் தெருவுலதான் குடி வச்சிருக்க, இல்லம்மா?" என்றாள்.

 ஒரே நிறத்தில் பூவைத் தைத்துக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் குத்திக்கொண்டு போனாள். நான் இரண்டாவது கவரின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கிவிட்டு அலமாரியைச் சாத்தினேன்.